மேஃப்ளவர் வரை ஒரு தாய்ப்பத்திரம்

நிலம் வாங்கியவர்களுக்குத் தெரியும், விற்பவர் கையில் இருக்கும் பத்திரம் மட்டும் போதாது. அது அவருக்குக் கிரயத்தில் வந்ததா, பாகப்பிரிவினையில் வந்ததா, அவருக்கு முந்தியவருக்கு எப்படி வந்தது என்று ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் காகிதம் கேட்போம். தாய்ப்பத்திரத்தைக் கண்ணால் பார்க்காமல் முன்பணம் கொடுக்க மாட்டோம். 1600களில் இங்கிலாந்திலிருந்து கப்பலேறி அமெரிக்காவில் குடியேறிய ஒருவரின் வம்சத்தைத் தேடும்போதும் இதே பிடிவாதம் வேண்டும். தலைமுறைக்குத் தலைமுறை, பிள்ளைக்கும் பெற்றோருக்கும் நடுவில் ஒரு காகிதம்.

நான் இதில் இறங்கியது தம்பி குடும்பத்துக்காக. தம்பி மனைவி மாசசூசெட்ஸ்காரர். 'நாம் மேஃப்ளவர் கப்பலில் வந்தவர்களின் வம்சம்' என்று அவருடைய பாட்டி சொல்லிக்கொண்டே இருப்பாராம். பள்ளிக்கூடத்தில் குடும்ப மரம் வரையச் சொன்னபோது தம்பி மகள் என்னிடம் வந்து, "நிஜமா அத்தை?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்குப் பதில் தேடி மூன்று வருடம் ஆகிறது. அமெரிக்கச் சம்பந்தம் உள்ள தமிழ்க் குடும்பங்கள் இப்போது நிறைய இருக்கின்றன. பேரப்பிள்ளைகளுக்கு அப்பா வழி ஊர் தெரிகிறது, அம்மா வழி தெரிவதில்லை, அல்லது நேர்மாறாக. அவர்களுக்காகவும், வெறும் ஆர்வத்தால் தேடுகிறவர்களுக்காகவும் நான் கற்றுக்கொண்ட வரிசையிலேயே எழுதுகிறேன். எங்கள் வீட்டுப் பெயர்கள் வேண்டாம். எல்லோருக்கும் தெரிந்த ஒருவரை, மேஃப்ளவரில் வந்த ஜான் ஹௌலண்டை, உதாரணமாக வைத்துக்கொள்வோம்.

பின்னணி கொஞ்சம். வர்ஜீனியாவில் ஜேம்ஸ்டவுன் குடியேற்றம் 1607இல் தொடங்கியது. 1620இல் மேஃப்ளவர் 102 பயணிகளோடு வந்து, அவர்கள் பிளிமத்தில் ஊர் அமைத்தார்கள். முதல் குளிர்காலத்திலேயே ஏறக்குறைய பாதிப் பேர் இறந்துபோனார்கள். 1630இல் ஜான் வின்த்ராப் தலைமையில் 11 கப்பல்கள் வந்து இறங்கின, பாஸ்டன் உருவானது. 1620க்கும் 1640க்கும் நடுவில் நியூ இங்கிலாந்துக்கு வந்தவர்கள் சுமார் 20,000 பேர். அப்புறம் இங்கிலாந்தில் உள்நாட்டுப் போர் மூண்டதும் வரத்து வற்றிவிட்டது. அதனால் அந்தப் பகுதியின் பழைய குடும்பங்கள் பெரும்பாலும் இந்த 20 ஆண்டுகளுக்குள் வந்தவர்களிடம்தான் போய் முடியும். தேடுகிறவர்களுக்கு இது பெரிய வசதி. ஆட்கள் குறைவு, அவர்களைப் பற்றி 150 வருடங்களுக்கும் மேலாக அறிஞர்கள் ஆராய்ந்திருக்கிறார்கள்.

கப்பலிலிருந்து தொடங்காதீர்கள்

புதிதாக வருகிற எல்லோரும் செய்கிற தவறு இது. பிரபலமான பெயர் ஒன்றைப் பிடித்துக்கொண்டு, அங்கிருந்து இறங்கி இறங்கி நம் வீட்டு வாசலுக்கு வர முயல்வார்கள். ஜான் ஹௌலண்டுக்குப் பத்துப் பிள்ளைகள். இன்று அவருக்குச் சந்ததியினர் எத்தனையோ லட்சம் பேர். பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டும் இரண்டு புஷ் ஜனாதிபதிகளும் அந்த வம்சம்தான். அத்தனை கிளைகளில் உங்கள் கிளை எது என்று மேலிருந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அதே பெயருள்ள வேறு யாரோ ஒருவரில் போய் நிற்பீர்கள்.

உயிரோடு இருக்கிற மூத்தவரிடம் தொடங்குங்கள். தாத்தா பாட்டியின் முழுப் பெயர், திருமணத்துக்கு முந்தைய குடும்பப் பெயர், ஊர், அடக்கம் செய்த இடம், எந்தத் தேவாலயம், யார் யார் உடன்பிறந்தவர்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பீரோவில் குடும்ப பைபிள் இருந்தால் அதன் முன்பக்கங்களைப் படமெடுங்கள். பிறப்பும் திருமணமும் இறப்பும் அங்கேதான் எழுதி வைப்பார்கள். எழுதியது ஒரே மையா, வேறு வேறு மையா என்றும் பாருங்கள். எல்லா வரிகளும் ஒரே கையெழுத்தில், ஒரே மையில் இருந்தால், பின்னாளில் யாரோ ஞாபகத்திலிருந்து ஒரே நாளில் எழுதியிருக்கலாம். 1790இல் பிறந்த குழந்தையைப் பற்றி 1830இல் அச்சான பைபிளில் இருந்தால் அதுவும் அப்படித்தான். எந்த ஆண்டு அச்சிட்டது என்று தலைப்புப் பக்கத்தைப் பார்த்துவிடுவது நல்ல பழக்கம்.

அடுத்தது மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. அமெரிக்காவில் பத்தாண்டுக்கு ஒருமுறை எடுத்தார்கள். 72 ஆண்டுகள் கழித்து வெளியிடுவார்கள். 1950ஆம் ஆண்டுக் கணக்கு 2022இல் வெளிவந்தது. அங்கிருந்து ஏணிப்படி மாதிரி பத்துப் பத்தாகப் பின்னால் போகலாம். 1890ஆம் ஆண்டுப் படி மட்டும் இருக்காது. 1921இல் நடந்த தீவிபத்தோடு அது பெரும்பாலும் அழிந்துபோயிற்று. 1880இல்தான் குடும்பத் தலைவருக்கு ஒவ்வொருவரும் என்ன உறவு என்று முதன்முதலாக எழுதினார்கள். 1850இல் வீட்டிலுள்ள சுதந்திரமானவர்கள் எல்லோருடைய பெயரும் முதன்முதலாகப் பதிவானது. அடிமைகளாக வைத்திருந்தவர்களின் பெயரை அப்போதும் எழுதவில்லை. அதற்கு முன்னால் 1790 முதல் 1840 வரை குடும்பத் தலைவர் பெயர் மட்டும்தான், மற்றவர்கள் வெறும் எண்ணிக்கை.

இந்தப் படிகளுக்கெல்லாம் ஃபேமிலிசர்ச் தளமே போதும். இலவசம், பெயர் பதிந்தால் திறக்கும். பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை, அதாவது மார்மன்கள் என்று பொதுவாகச் சொல்லப்படுபவர்கள், உலகெங்கும் ஆவணங்களை மைக்ரோஃபிலிம் எடுத்துச் சேர்த்தது அது. ஆன்செஸ்ட்ரி தளத்துக்குக் கட்டணம் உண்டு. அமெரிக்கப் பொது நூலகங்கள் பலவற்றில் உட்கார்ந்து அதை இலவசமாகப் பார்க்கலாம், முதலில் நூலகத்தில் கேளுங்கள்.

நடுவில் இருக்கிற இருட்டு

1850க்கும் 1750க்கும் இடைப்பட்ட நூறாண்டுதான் கடினம். முதல் குடியேறிகள் காலத்தைவிட இதுதான் கடினம் என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. பிளிமத்தில் இருந்தவரை ஊர்க் குமாஸ்தா எல்லாவற்றையும் எழுதி வைத்தார். பேரனும் கொள்ளுப்பேரனும் நிலம் தேடி வெர்மான்ட், நியூயார்க், ஒஹையோ என்று போய்விட்டார்கள். புது ஊரில் பதிவு என்பதே இல்லாமல் இருந்தது. குடும்பம் காணாமல் போவது இங்கேதான்.

இந்த இடத்தில் மூன்று வகை ஆவணங்கள் கை கொடுக்கும். ஒன்று உயிலும் சொத்துப் பிரிவினைக் கோப்பும். மகள்களைக் கணவர் வீட்டுப் பெயரோடு குறிப்பிடுவதால், காணாமல் போன பெண்கள் திரும்பக் கிடைப்பது இவற்றில்தான். இரண்டாவது நிலப் பத்திரங்கள். அப்பா இறந்தபின் ஏழெட்டு வாரிசுகள் சேர்ந்து தங்கள் பங்கை ஒருவருக்கு எழுதிக் கொடுத்திருப்பார்கள். அந்த ஒரு பத்திரத்தில் மொத்தக் குடும்பமும் வரிசையாக நிற்கும். நம் ஊர் விடுதலைப் பத்திரம் போலத்தான். மூன்றாவது, சுதந்திரப் போரில் சண்டையிட்டவர்களின் ஓய்வூதியக் கோப்புகள். விதவைகள் தங்கள் திருமணத்தை நிரூபிக்க வேண்டியிருந்தது. சான்றிதழ் இல்லாதவர்கள் குடும்ப பைபிளின் பக்கத்தையே கிழித்து அனுப்பியிருக்கிறார்கள். அந்தப் பக்கங்கள் இன்றும் அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில் கோப்போடு இருக்கின்றன. முதல்முறை அப்படி ஒன்றைத் திரையில் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. மூன்று பிள்ளைகள் பெயர், அதில் இரண்டு பெயருக்குப் பக்கத்தில் இறந்த தேதி.

பத்திரங்களுக்குப் பெயர் அட்டவணை சரியாக இல்லாததால் முன்பெல்லாம் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டியிருந்தது. இப்போது ஃபேமிலிசர்ச்சில் கையெழுத்துப் பிரதிகளைக் கணினியே படித்து, எந்தச் சொல்லையும் தேட முடிகிற வசதி வந்திருக்கிறது. சாட்சியாகக் கையெழுத்துப் போட்டவர் பெயர்கூட அகப்படும். புதிதாக வருகிறவர்கள் இதை உடனே பழகிக்கொள்ளுங்கள். கணினி தப்பாகவும் படிக்கும், அதனால் படத்தைத் திறந்து நீங்களும் ஒருமுறை படித்துவிடுங்கள்.

மாசசூசெட்ஸ் பக்கம் என்றால் இன்னொரு அதிர்ஷ்டமும் உண்டு. 1639லேயே பிறப்பு, திருமணம், இறப்பைப் பதிய வேண்டும் என்று மாசசூசெட்ஸ் பே காலனி சட்டம் போட்டது. 1850 வரையிலான ஊர்ப் பதிவுகள் பல ஊர்களுக்கு அகரவரிசையில் அச்சாகி இருக்கின்றன. அங்கே திருமணப் பதிவைத் தேவாலயத்தில் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். அங்கே குடியேறிய பியூரிட்டன்கள் என்ற கண்டிப்பான புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர்களுக்குத் திருமணம் என்பது சமயச் சடங்காக இல்லாமல் ஊர் ஒப்பந்தமாக இருந்தது. 17ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அதை நடத்தி வைத்தவர் நீதிபதிதான். பதிவு ஊர்க் குமாஸ்தாவின் புத்தகத்தில் இருக்கும்.

நல்ல செய்தி, கடைசிவரை நீங்கள் தனியாக நடக்க வேண்டியதில்லை. 1897இல் தொடங்கிய மேஃப்ளவர் சந்ததியினர் சங்கம், ஒவ்வொரு பயணியின் முதல் ஐந்து தலைமுறைகளையும் ஆவணத்தோடு ஆராய்ந்து வெளியிட்டு வருகிறது. வெள்ளி நிற அட்டை என்பதால் 'வெள்ளிப் புத்தகங்கள்' என்றே பெயர். மேஃப்ளவரில் வராமல் 1640க்குள் வந்தவர்களுக்கு, 1845இல் தோன்றிய நியூ இங்கிலாந்து வரலாற்று வம்சாவளிக் கழகத்தின் 'பெருங்குடியேற்ற' ஆய்வு இருக்கிறது. ராபர்ட் சார்லஸ் ஆண்டர்சன் 1988இல் தொடங்கியது. ஒவ்வொரு குடியேறியையும் பற்றி என்ன ஆவணம் இருக்கிறது, பழைய புத்தகங்கள் எங்கே தவறின என்று வரி வரியாகச் சொல்லும். ஆக, நீங்கள் 1750 வாக்கில் பிறந்த ஒருவரைச் சரியாகத் தொட்டுவிட்டால், மேலிருந்து வரும் ஆய்வு அங்கே வந்து கை கோத்துக்கொள்ளும்.

கல்லில் வெட்டியதும் தப்பாக இருக்கலாம்

இந்தக் கதையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். இந்த வேலையில் எதை நம்புவது என்று எனக்குக் கற்றுக்கொடுத்ததே இதுதான்.

ஜான் ஹௌலண்ட், காலனியின் முதல் ஆளுநரான ஜான் கார்வரின் வேலையாளாக மேஃப்ளவரில் வந்தவர். நடுக்கடலில் புயலில் தவறி விழுந்து, தொங்கிக்கொண்டிருந்த பாய்க்கயிற்றைப் பிடித்து உயிர் தப்பினார். கார்வர் 1621 வசந்தத்தில் இறந்தார். அவர் மனைவியும் கொஞ்ச நாளில் இறந்துவிட்டார். ஹௌலண்டின் மனைவி பெயர் எலிசபெத். அவர் ஆளுநர் கார்வரின் மகள் என்று குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லி வந்தார்கள். அச்சுப் புத்தகங்கள் அப்படியே எழுதின. பிளிமத்தின் பரியல் ஹில் கல்லறை மேட்டில் சந்ததியினர் நிறுத்திய கல்லிலும் அதையே வெட்டினார்கள். 200 வருட நம்பிக்கை, சொன்னவர்கள் எல்லோரும் பிளிமத்திலேயே பிறந்து வளர்ந்தவர்கள்.

காலனியின் இன்னொரு ஆளுநர் வில்லியம் பிராட்ஃபோர்ட் தன் கைப்பட எழுதிய வரலாற்றுச் சுவடி, அமெரிக்கச் சுதந்திரப் போர்க் காலத்தில் பாஸ்டனிலிருந்து காணாமல் போயிருந்தது. 1855இல் அது லண்டன் பிஷப்பின் ஃபுல்ஹாம் மாளிகை நூலகத்தில் இருப்பது தெரியவந்தது. 1856இல் அச்சாயிற்று. அதன் கடைசியில் பிராட்ஃபோர்ட், கப்பலில் வந்தவர்கள் யார், 30 வருடம் கழித்து அவர்கள் குடும்பம் எப்படி இருக்கிறது என்று பட்டியல் போட்டிருந்தார். அதில் இருந்தது: ஹௌலண்டின் மனைவி ஜான் டில்லியின் மகள். டில்லி குடும்பமும் அதே கப்பலில் வந்தது. அம்மாவும் அப்பாவும் முதல் குளிர்காலத்திலேயே இறந்தார்கள், சிறுமி மட்டும் பிழைத்தாள்.

பிராட்ஃபோர்ட் அதே ஊரில் அவர்களோடு வாழ்ந்தவர். எல்லோரையும் நேரில் அறிந்தவர். அவர் எழுதிய ஒரு வரிக்கு முன்னால் 200 வருடச் செவிவழிச் செய்தி நிற்க முடியவில்லை.

அத்தோடு முடியவில்லை. 20ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பெட்ஃபோர்ட்ஷயர் கவுண்டியில் (நம் மாவட்டம் மாதிரி) ஹென்லோ என்ற ஊர்த் தேவாலயப் பதிவேட்டில் எலிசபெத் டில்லியின் ஞானஸ்நானம் கிடைத்தது: 1607 ஆகஸ்ட் 30. அது இவர்தானா, அதே பெயரில் வேறு பெண்ணா? இப்போது அமெரிக்கக் கரைக்கு வாருங்கள். விதவையான எலிசபெத் ஹௌலண்ட் கடைசிக் காலத்தில் ஸ்வான்சீ என்ற ஊரில் மகள் லிடியாவோடு இருந்தார். 1686 டிசம்பரில் எழுதிய உயிலில் தனக்கு 79 வயது என்று சொல்கிறார். 1686இல் 79ஐக் கழித்தால் 1607. இரண்டு கண்டங்களில், ஒன்றையொன்று அறியாத இரண்டு காகிதங்கள் ஒரே ஆண்டைச் சொல்கின்றன. ஒரு தகவலுக்கு ஒரே ஆவணம் இருந்தால் அதைப் பென்சிலில் எழுதுங்கள். தொடர்பில்லாத இரண்டு ஆவணங்கள் ஒத்துப்போனால் பேனாவால் எழுதலாம். நான் நிஜமாகவே அப்படித்தான் நோட்டில் எழுதுகிறேன்.

வீட்டுப் பெரியவர்கள் சொல்வதைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. எலிசபெத் கார்வர் வீட்டில் வளர்ந்திருக்கலாம் என்றே பலர் நினைக்கிறார்கள். கதை பிறந்த விதை அதுவாக இருக்கலாம். பாட்டி சொன்னதை, யார் சொன்னது, எப்போது சொன்னது என்ற குறிப்போடு தனியாக எழுதி வையுங்கள்.

தேதியும் சொல்லும்

ஜான் ஹௌலண்ட் இறந்த நாள் பிப்ரவரி 23. ஆண்டு 1672 என்று சில இடத்தில், 1673 என்று சில இடத்தில் பார்ப்பீர்கள். இரண்டும் சரி. அன்றைய ஆங்கிலேயர்களுக்குப் புத்தாண்டு மார்ச் 25. ஜனவரி, பிப்ரவரி எல்லாம் பழைய ஆண்டின் வால். அதனால் இப்போது 1672/3 என்று இரட்டையாக எழுதுவார்கள். இதை மாற்றாமல் அப்படியே நகலெடுங்கள். உயில் 1672 மே மாதம், இறப்பு 1672 பிப்ரவரி என்று பார்த்துவிட்டு, செத்த பிறகு உயில் எழுதினாரா என்று குழம்ப வேண்டாம்.

மாதத்தையும் பியூரிட்டன்கள் எண்ணால் எழுதினார்கள். 1ஆம் மாதம் என்றால் மார்ச், 11ஆம் மாதம் என்றால் ஜனவரி. 1752இல் இங்கிலாந்தும் காலனிகளும் புது நாட்காட்டிக்கு மாறின. அந்த வருடம் செப்டம்பர் 2க்கு அடுத்த நாள் செப்டம்பர் 14. அதற்கு முந்தைய தேதிகளை நீங்களாகத் திருத்தாதீர்கள்.

சொற்கள் இதைவிட ஏமாற்றும். மருமகன் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லை அன்று மனைவியின் முதல் கணவருக்குப் பிறந்த மகனுக்கும் சொன்னார்கள். 'கசின்' என்றால் அண்ணன் மகனாகவும் இருக்கலாம், தூரத்துச் சொந்தமாகவும் இருக்கலாம். நமக்குச் சித்தப்பா, மாமா, அத்தான் என்று துல்லியமாகச் சொல்லிப் பழக்கம். அந்தத் துல்லியத்தை அவர்களிடம் எதிர்பார்த்தால் மரம் கோணலாகும். 'சீனியர்', 'ஜூனியர்' என்று போட்டிருந்தால் அப்பா-மகன் என்று முடிவு கட்டாதீர்கள். ஒரே ஊரில் ஒரே பெயரில் இருவர் இருந்தால் மூத்தவர், இளையவர் என்று பிரித்துச் சொன்னார்கள், அவ்வளவுதான். சித்தப்பாவாகவும் இருக்கலாம், உறவே இல்லாதவராகவும் இருக்கலாம். உயிலில் 'என் இப்போதைய மனைவி' என்று இருப்பதால் முன்னொரு மனைவி இருந்தார் என்றும் ஆகாது. எதிர்காலத்தில் வேறு மனைவி வந்து உரிமை கேட்கக் கூடாது என்பதற்கான சட்ட வாசகம் அது.

பெயரின் எழுத்துக் கூட்டல் மாறுவதைப் பற்றி நமக்குச் சொல்லவே வேண்டாம். சுப்பிரமணியன், சுப்ரமணியம், சுப்ரமணி என்று ஒரே ஆளுக்கு ரேஷன் கார்டில் ஒன்றும் பாஸ்புக்கில் ஒன்றும் இருக்கிறது. 'எங்கள் குடும்பப் பெயரில் அந்த எழுத்து வராது' என்று சொல்லி ஒரு பதிவை ஒதுக்காதீர்கள். காதில் கேட்டதைக் குமாஸ்தா எழுதினார்.

கடலைத் தாண்டுவது

குடியேறியவர் இங்கிலாந்தில் எந்த ஊர் என்று தெரியாமல் அங்கே தேடப் போகக் கூடாது. அதே பெயரில் ஞானஸ்நானம் பெற்ற பத்துக் குழந்தைகள் கிடைப்பார்கள். அவற்றில் ஒன்றைப் பிடித்துக்கொள்ள மனசு துடிக்கும். இணையத்தில் உள்ள மரங்கள் பெரும்பாலும் உடைந்திருப்பது இங்கேதான்.

முதலில் அவருடைய அக்கம்பக்கத்தைப் படியுங்கள். மக்கள் தனியாகப் புறப்படவில்லை. ஒரு போதகரின் பின்னால், உறவுக்காரர்களோடு, ஊரோடு ஊராகப் போனார்கள். மாசசூசெட்ஸில் ஹிங்ஹாம் என்ற ஊர் இருக்கிறது. நார்ஃபோக் கவுண்டியில் உள்ள ஹிங்ஹாமிலிருந்து வந்தவர்கள் வைத்த பெயர். ஆபிரகாம் லிங்கனின் முன்னோரான சாமுவேல் லிங்கன் 1637இல் அந்த ஊரிலிருந்து வந்து இங்கே நிலைத்தவர். உங்கள் ஆளைப் பற்றி ஒன்றும் தெரியாவிட்டால், அவருக்கு நிலம் பக்கத்தில் யாருடையது, உயிலுக்குச் சாட்சி யார், ஒரே நாளில் சபையில் சேர்ந்தவர்கள் யார் என்று பாருங்கள். அவர்களில் மூன்று பேர் ஒரே ஆங்கிலக் கிராமத்திலிருந்து வந்திருந்தால் அங்கே போய்த் தேடுவது நியாயம்.

பிளிமத்துக்கு இதற்கென்றே ஓர் அருமையான பட்டியல் உண்டு. 1627இல் காலனியின் மாடுகளையும் ஆடுகளையும் பங்கு பிரித்தார்கள். மக்களை 13 பேர் கொண்ட 12 குழுக்களாகப் பிரித்து, குழந்தைகள் உட்பட எல்லோர் பெயரையும் எழுதினார்கள். நான்காவது குழு ஹௌலண்டுடையது: மனைவி எலிசபெத், பிள்ளைகள் ஜான், டிசையர், கூடவே ஆல்டன் குடும்பம். அன்று பிறந்திருந்த பிள்ளைகள் யார், யார் யாரோடு நெருக்கம் என்பதெல்லாம் ஒரு மாட்டுக் கணக்கில் கிடைக்கிறது.

அப்புறம் இங்கிலாந்தில் தங்கிவிட்ட உறவினர்களின் உயில்கள். அண்ணனோ அத்தையோ 'நியூ இங்கிலாந்தில் இருக்கும் என் தம்பிக்கு' என்று ஒரு வரி எழுதியிருந்தால் அதுதான் பாலம். ஹௌலண்டின் உடன்பிறந்தவர் ஹம்ப்ரி, லண்டனில் துணி வணிகர். 1646இல் அவர் எழுதிய உயில் ஆர்தர், ஜான், ஹென்றி என்ற சகோதரர்களைக் குறிப்பிடுகிறது. மூன்று பேரும் பிளிமத்தில் இருந்தவர்கள். இந்தக் குடும்பம் ஹன்டிங்டன்ஷயரின் ஃபென்ஸ்டான்டன் ஊரைச் சேர்ந்தது என்று நிலைநாட்ட இதுபோன்ற காகிதங்களே உதவின. ஜானின் ஞானஸ்நானப் பதிவு மட்டும் இன்றுவரை அகப்படவில்லை. அகப்படாவிட்டாலும் பெற்றோர் யார் என்பது வேறு வழியில் உறுதியாகிறது. பிறந்த தேதி கட்டாயம் வேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள்.

இப்படிப்பட்ட உயில்களில் வசதியானவர்களுடையவை கேன்டர்பரி பேராயரின் நீதிமன்றத்தில் பதிவாயின. 1384 முதல் 1858 வரையிலான அந்தப் பதிவேடுகள் லண்டன் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன, இணையத்திலும் தேடலாம். தேவாலயப் பதிவேடுகள் 1538இல் தாமஸ் குரோம்வெல் ஆணைப்படி தொடங்கின. எல்லா ஊரிலும் அவ்வளவு பழையது மிஞ்சவில்லை. மூலம் செல்லரித்துப் போயிருந்தால், 1598க்குப் பிறகு ஆண்டுதோறும் பிஷப்புக்கு அனுப்பிய நகல் இருக்கிறதா என்று அந்தந்தக் கவுண்டி காப்பகத்தில் கேளுங்கள். பதிவேட்டில் இருப்பது ஞானஸ்நானத் தேதி, பிறந்த தேதி வேறு. மரத்தில் எழுதும்போது 'ஞா' என்று குறித்துவிடுங்கள்.

அந்தக் காலக் கையெழுத்து முதலில் கோழி கிளறியது போலத்தான் தெரியும். ஓலைச்சுவடி படிக்கிறவர்கள் புள்ளியில்லாத மெய்யைப் படிப்பதற்குப் பழகுவதில்லையா, அப்படித்தான் இதுவும். கியூ காப்பகமே பழைய கையெழுத்து படிக்க இலவச இணையப் பாடம் வைத்திருக்கிறது. தினம் அரை மணி நேரம், ஒரு மாதத்தில் உயிலின் முதல் வரிகள் மனப்பாடமாகிவிடும். உயில்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரி தொடங்குவதால் அங்கேயே எழுத்துகளைக் கற்றுக்கொள்ளலாம்.

ஒருவருடைய காகிதங்கள் எதிர்பாராத ஊரில் இருப்பதும் உண்டு. எலிஹு யேல் 1649இல் பாஸ்டனில், நியூ ஹேவன் காலனியோடு தொடர்புள்ள குடியேறிக் குடும்பத்தில் பிறந்தவர். சிறு வயதிலேயே குடும்பம் இங்கிலாந்துக்குத் திரும்பியது. அவருடைய திருமணப் பதிவு எங்கே இருக்கிறது தெரியுமா? சென்னைக் கோட்டையின் புனித மேரி தேவாலயத்தில். 1680 நவம்பர் 4, அந்தத் தேவாலயத்தின் முதல் திருமணமே அதுதான். பிறகு அவர் 1687 முதல் 1692 வரை சென்னைக் கோட்டையின் ஆளுநர். சின்ன வயதில் இறந்த அவருடைய மகன் டேவிட்டின் கல்லறை எழுந்தது இன்றைய சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில். பாஸ்டன் குடும்பத்தைத் தேடுகிற அமெரிக்கர் ஒருவர் பாரிமுனை வரை வர வேண்டியிருக்கிறது.

வர்ஜீனியா வழி என்றால் இந்த வரிசை கொஞ்சம் மாறும். அங்கே ஊர்ப் பதிவுகள் குறைவு. பல கவுண்டி நீதிமன்றங்களின் காகிதங்கள் அமெரிக்க உள்நாட்டுப் போரில், முக்கியமாக 1865 ஏப்ரலில் ரிச்மண்ட் எரிந்தபோது, சாம்பலாயின. நிலப் பட்டாக்கள்தான் அங்கே முதுகெலும்பு. ஓர் ஆளை அழைத்து வந்தால் 50 ஏக்கர் என்று காலனி கொடுத்தது. அழைத்து வரப்பட்டவர்கள் பெயர் பட்டாவிலேயே இருக்கும். அந்தப் பட்டாவின் தேதி அவர் வந்த தேதி ஆகாது, பல வருடம் கழித்தும் உரிமை கோரினார்கள்.

ஏமாறாமல் இருக்க

விலை கொடுத்து வாங்கிய வம்சாவளிகள் 100 வருடங்களுக்கு முன்பே நிறைய உலவின. குஸ்தாவ் அன்ஜோ என்பவர் பணக்கார அமெரிக்கக் குடும்பங்களுக்குப் போலி வம்சாவளி தயாரித்துக் கொடுத்தே பிழைத்தவர். உண்மையான உயில்களுக்கு நடுவில் இல்லாத ஒரு பிறப்பைச் செருகிவிடுவார். அவற்றின் நகல்கள் இன்றும் இணைய மரங்களில் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஒரு குடும்பப் பெயருக்கென்று கேடயச் சின்னம் விற்கிறார்களே, அதையும் வாங்க வேண்டாம். அந்தச் சின்னங்கள் தனி மனிதருக்கும் அவர் வாரிசுகளுக்கும் கொடுத்தவை. 'மூன்று சகோதரர்கள் கப்பலில் வந்தார்கள்' என்ற கதை எந்தக் குடும்பத்தில் கேட்டாலும் கிடைக்கும். ஹௌலண்ட் போல நிஜமாகவே மூவர் வந்த குடும்பமும் உண்டு என்பதால் காகிதம் கேளுங்கள்.

நானும் தொடக்கத்தில் இணையத்தில் கிடைத்த ஒரு மரத்தை அப்படியே எழுதிக்கொண்டு இரண்டு மாதம் அதன் மேல் ஏறினேன். பிறகுதான் பார்த்தேன், ஒரு தாய் இறந்து நான்கு வருடம் கழித்து அவருக்குக் குழந்தை பிறந்திருந்தது. இப்போது எந்த மரத்தைப் பார்த்தாலும் முதலில் வயதுகளைக் கூட்டிக் கழித்துப் பார்த்துவிடுகிறேன்.

டிஎன்ஏ சோதனை பற்றிக் கேட்பார்கள். 12 தலைமுறை மேலே போனால் 4,096 முன்னோர் இடங்கள் இருக்கின்றன. அவ்வளவு தூரத்து ஒருவரின் துணுக்கு உங்களிடம் சுத்தமாக இல்லாமலே போகலாம். நான்கைந்து தலைமுறைக்குள் உள்ள சிக்கலுக்கு அது உதவும். 1620க்குப் போக ஆண் வழியில் தொடரும் ஒய் குரோமோசோம் சோதனை ஓரளவு பயன்படும்.

இன்னொன்றை மனதார வேண்டிக்கொள்கிறேன். இந்தக் காகிதங்களில் உங்கள் முன்னோர் மட்டும் இல்லை. அந்த மண்ணின் பூர்வகுடிகளான வாம்பனோக் மக்கள் நிலத்தை எழுதிக் கொடுத்ததாகச் சொல்லும் பத்திரங்களில் அவர்கள் இட்ட அடையாளக் குறிகள் இருக்கும். சொத்துப் பட்டியல்களில் பசுவுக்கும் கட்டிலுக்கும் நடுவில் ஓர் அடிமையின் பெயரும் விலையும் இருக்கும். அந்தப் பெயரைக் கண்டால் ஆவணம், பக்க எண்ணோடு குறித்து, பொதுவான குடும்ப மரத் தளங்களில் ஏற்றுங்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளும் தேடுகிறார்கள், அவர்களுக்கு 1850ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு என்ற படிகூடக் கிடையாது.

எங்கள் மரம் எங்கே நிற்கிறது என்று கேட்டால், தம்பி மனைவியிலிருந்து ஏழு தலைமுறை பேனாவால் எழுதியாகிவிட்டது. எட்டாவதில் 1790களில் வெர்மான்டுக்குப் போன ஒரு பெண். பெயர் மேரி என்று தெரிகிறது, யார் மகள் என்று தெரியவில்லை. பாட்டி சொன்ன மேஃப்ளவர் பெயர் அவருடைய பக்கமாகத்தான் வர வேண்டும். வெர்மான்டில் நிலப் பத்திரங்கள் கவுண்டியில் இல்லாமல் ஊர்க் குமாஸ்தா அலுவலகத்தில் இருக்கும். அந்த ஊருக்கு எழுதி, மேரியின் கணவர் வாங்கிய, விற்ற பத்திரங்கள் எல்லாவற்றுக்கும் நகல் கேட்டிருக்கிறோம். கடிதத்தைத் தம்பி மகளே எழுதினாள். எட்டாவது கட்டத்தில் 'மேரி' என்று பேனாவால் எழுதி, அதற்கு மேலே இரண்டு கட்டங்களைக் காலியாக வரைந்து வைத்திருக்கிறாள்.